அலறிய தங்க ஊசி

அத்தியாயம் நான்கு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனித இனத்துக்குக் காது முளைத்த நாளிலிருந்து நடந்த குற்றங்களிலேயே மாபெரும் குற்றம் சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி நான்கு நிமிடத்துக்கு நடந்தேறியது. நுண்செவியர் கழகத்தின் நிறுவனர், அதன் நிரந்தரத் தலைவர், அதன் மாத இதழின் ஆசிரியர் ஆகிய மூவரும் ஒரே நாற்காலியில் கண்மூடி அமர்ந்திருந்தபோது (மூவரும் ஒருவரே), அவருடைய ரெக்கார்டு பிளேயர் அலறியது.

சும்மா அலறவில்லை. வயலின் தகரத்தை அறுத்தது. பாடகியின் தொண்டையில் யாரோ ஒரு லாரி ஜல்லியைக் கொட்டினார்கள்.

முதல் மூன்று அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவற்றில் நம் துப்பறிவாளர் தவறான ஆளைப் பின்தொடர்ந்து இரண்டு பஸ் மாறினார், அவ்வளவுதான். மற்றபடி தெரிந்திருக்க வேண்டியது இது. தலைவரின் பிளேயரில் பெல்ட் தளர்ந்துபோய், ரிப்பேர் கடை நடத்தும் ஈயக்காவிடம் போயிற்று. நாள் முழுக்க ஈயம் உருக்கிப் பற்றவைப்பதால் அவருக்கு அந்தப் பெயர். செவ்வாய் மதியம் அவரே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். மாலையில் அலறல். தலைவர் நான்கே நிமிடத்தில் தீர்ப்பு எழுதினார்: ஒரு சின்னக் காரின் விலையுள்ள தன் தங்கமூடி ஊசியை ஈயக்கா திருடிக்கொண்டு, மலிவான ஒன்றை ஒட்டிவிட்டாள். வியாழன் மாலை ஐந்து மணிக்குள் ஊசி திரும்பாவிட்டால் போலீஸ். கடிதத்தின் நகல் பதினோரு உறுப்பினர்களுக்கும் போயிற்று. மூன்று பேர் அன்றே ஈயக்காவின் கடைக்குப் போய், ரிப்பேருக்காகத் திறந்து போட்டிருந்த தங்கள் பெட்டிகளை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

ஆகவே தலைவருக்குத் துப்பறிவாளர் தேவைப்பட்டது குற்றவாளியைக் கண்டுபிடிக்க அல்ல. அந்த வேலையை அவர் ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தார். ஊசியை மட்டும் கண்டுபிடித்தால் போதும்.

வியாழன், மணி மூன்று.

துப்பறிவாளருக்கு 'லென்ஸ்' என்று பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நொறுங்கிய கார்களைப் பார்வையிட்டு ஓய்வு பெற்றவர். பூதக்கண்ணாடி இல்லாமல் பத்திரிகைகூடப் படிக்க முடியாது என்பதைத் தொழில் ரகசியமாக வைத்திருந்தார். உதவியாளன் அவர் மனைவியின் தம்பி. வலது கன்னம் வீங்கியிருந்தது. முந்தின நாள்தான் தலைவர் வீட்டுக் கீழ்த்தளத்தில், தலைவரின் மனைவி நடத்தும் பல் ஆஸ்பத்திரியில், அவன் கடைவாய்ப் பல்லுக்குத் தற்காலிகமாக ஒரு அடைப்பு வைத்திருந்தார்கள்.

மாடி அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதன் நான்கு கால்களும் எங்கே நிற்கவேண்டும் என்று தரையில் பெயிண்டால் குறித்திருந்தது. மற்ற உறுப்பினர்களுக்கு ஸ்டூல்கள்.

"தொடாதீங்க," என்றார் தலைவர்.

"இன்னும் உள்ளேயே வரலைங்களே," என்றான் மைத்துனன்.

"வரும்போதும் தொடாதீங்க."

லென்ஸ் குனிந்து பிளேயரின் கையைப் பார்த்தார். கையின் நுனியில் நகத்தளவு தலை. தலைக்கு மேல் தங்கநிற மூடி, கீழே முடிமாதிரி ஊசி. ஊசியும் தலையும் சேர்ந்ததற்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். தலைவர் அதை 'அவள்' என்று சொல்வது வழக்கம்.

"போட்டுக் காட்டுங்க, கேட்டுப் பார்ப்போம்," என்றார் லென்ஸ்.

"மூணு மணிக்கா?" தலைவர் யாரோ குளியலறைக் கதவைத் திறந்துவிட்டது போல் பதறினார். "அஞ்சு மணிக்கு முன்னாடி நான் ஊசியை இறக்கறதில்லை. அப்பதான் கரண்ட் சுத்தமா வரும்."

"அதுவரைக்கும் அழுக்கா வருமா?" என்று கேட்டான் மைத்துனன்.

"இது காது சமாச்சாரம். உங்களுக்கு விளங்காது."

"விளங்கலைங்க. எங்க வீட்டுல கரண்ட் வந்தாலே சந்தோஷப்படற ஆளுங்க."

லென்ஸ் தொண்டையைக் கனைத்தார். "செவ்வாய்க்கிழமை ஈயக்கா மாட்டினப்பவும் போட்டுப் பார்க்கலையா?"

"அப்ப மணி பன்னெண்டு!"

ஆம்ப்ளிஃபையரின் சத்தக் குமிழில் நான்கு என்ற எண்ணுக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. லென்ஸ் அதன்மேல் பூதக்கண்ணாடியை வைத்தார்.

"அது நான் வச்ச புள்ளி," என்றார் தலைவர். "இந்த ஊசி வாங்கின அன்னைக்கு வச்சேன். அஞ்சு வருஷம். ஒரு மயிரிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கிடையாது. நகர்ந்தா என் காதுக்குத் தெரிஞ்சுடும்."

லென்ஸ் மேஜைக்குப் பின்னால் போய்த் தவழ்ந்தார். அங்கே சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி. ஊசியிலிருந்து வரும் ஒயர் முதலில் அதற்குள் போய், அங்கிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போயிற்று. பெட்டியின் முதுகில் தள்ளு சுவிட்ச் ஒன்று. இடதுபக்கம் 40, வலதுபக்கம் 60. சுவிட்ச் இப்போது 60இல் இருந்தது. ஆனால் 40க்கு அருகே மட்டும் தூசியில்லாமல் பளபளவென்று ஒரு சின்னச் சதுரம்.

"மாப்ளே! இங்க பாரு. ரொம்ப காலமா நாற்பதுல இருந்திருக்கு. இப்பதான் யாரோ அறுபதுக்குத் தள்ளியிருக்காங்க."

"ஐயா, இந்தச் சுவிட்ச் எதுக்குங்க?" என்று மைத்துனன் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

தலைவர் ஒரு கணம் யோசித்தார். பதினெட்டு வருஷம் கழகம் நடத்தியவருக்கு ஒரு கணம் போதும்.

"அது வெளிநாட்டு வோல்டேஜுக்கு," என்றார்.

ஈயக்காவின் கடை ஒரு சந்தின் முனையில், ஒரு ஆள் புரண்டு படுக்க முடியாத அகலத்தில் இருந்தது. அலமாரியில் மூன்று இடங்கள் காலி. பெட்டிகள் இருந்த இடத்தில் தூசி படியாத மூன்று சதுரங்கள். அவற்றின்மேல் எதையும் வைக்காமல் அப்படியே விட்டிருந்தார் ஈயக்கா.

"ஆமா, நான்தான் தள்ளினேன்," என்றார், லென்ஸ் வாயைத் திறந்த மறுநிமிடமே.

லென்ஸுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஒப்புதல் வாக்குமூலத்தை அவர் நாலு பக்கம் கழித்துத்தான் எதிர்பார்த்திருந்தார்.

"ஏன் தள்ளினீங்க?"

"பார்த்துட்டுச் சும்மா வர முடியலை. அவர் ஊசியோட மூடியில எழுதியிருந்ததைப் படிச்சேன். ரொம்ப விலை உசந்த ரகம். அந்த ரகத்துக்கு ஒரு குணம் இருக்கு, சத்தம் ரொம்பக் கம்மியா கொடுக்கும். அதை ஆயிரம் மடங்கு பெருக்கினாத்தான் பாட்டா கேட்கும். சாதா ஊசி அதைவிடப் பத்து மடங்கு சத்தம் கொடுக்கும், அதுக்கு நூறு மடங்கு போதும். அந்தச் சின்னப் பெட்டி செய்யற வேலையே அதுதான். அறுபதுன்னா ஆயிரம் மடங்கு, நாற்பதுன்னா நூறு. கெயின்னு சொல்வாங்க."

"அதாவது," என்றான் மைத்துனன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ரகசியம் பேசறவன் வாய்கிட்ட மைக்கை ஒட்டி வைக்கணும். ஏலம் போடறவன்கிட்ட அதே மைக்கை வச்சா ஸ்பீக்கர் கிழிஞ்சுடும்."

"அதேதாங்க. ஐயா இவ்வளவு விலை கொடுத்து வாங்கிட்டு தப்பான பக்கத்துல வச்சுக் கேட்கறாரேன்னு நினைச்சேன். சொன்னா கோவிச்சுக்குவாரு. அதான் சொல்லாம அறுபதுக்குத் தள்ளிட்டேன்." ஈயக்கா சூட்டுக்கோலை ஈரப் பஞ்சில் துடைத்தார். அது சீறியது. "தப்பு என்னுதுதான். காதால கேட்காம மூடியில எழுதியிருந்ததை நம்பிட்டேன். வேற எந்த வீட்டுலயும் போட்டுக் கேட்காம வரமாட்டேன். அங்க அஞ்சு மணி ஆகணுமாமே."

லென்ஸ் குறிப்பேட்டில் பெரிய எழுத்தில் 'மூடி' என்று எழுதி அடிக்கோடிட்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

மைத்துனன் காலியான சதுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஒண்ணு கேட்கறேன். நிஜமான தங்க ஊசி, சுவிட்ச் நாற்பதுல. சத்தக் குமிழ் நாலுல. என்ன கேட்கும்?"

"ஒண்ணும் கேட்காது. பக்கத்து வீட்டுல பாடற மாதிரி இருக்கும். குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பணும், அப்பவும் பாட்டைவிட 'ம்ம்ம்'னு இரைச்சல்தான் ஜாஸ்தியா வரும்."

"அவரு புள்ளி வச்சிருக்கறது நாலுல. ஒரு மயிரிழை நகரலையாம்."

ஈயக்கா சூட்டுக்கோலைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா நான் தொடறதுக்கு முன்னாடியே அங்க இருந்தது சாதா ஊசி," என்றார் மெதுவாக. "ஊசியில பத்து மடங்கு கூடிச்சு, பெட்டியில பத்து மடங்கு குறைச்சாச்சு. அதனால புள்ளி அங்கேயே நின்னுச்சு."

"அந்தத் தூசி வருஷக்கணக்கான தூசி!" லென்ஸ் மேஜையைத் தட்டினார். ஒரு டப்பா ஸ்க்ரூ கொட்டியது. "அப்ப ஊசியை மாத்தினவன் சுவிட்சையும் மாத்தத் தெரிஞ்சவன். இதெல்லாம் தெரிஞ்சவங்க இந்த ஊர்லயே ஒரே ஒருத்தர்தான்." விரலை நீட்டினார். "நீங்க!"

"போன வாரம் செட்டை எடுத்துட்டு வரத்தான் முதல் தடவையா அந்த வீட்டுப் படியே ஏறினேன்," என்றார் ஈயக்கா, ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டே. "அதுக்கு முன்னாடி ரிப்பேர்னா அவர் சாமான்லாம், வாங்கின கம்பெனிக்குத்தான் போகும்."

விரல் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு காதைச் சொறிந்துகொண்டது.

"அத்தான், அந்த விரலை உள்ள வச்சுக்கங்க," என்றான் மைத்துனன். "அஞ்சு மணிக்குத் தேவைப்படும்."

கிளம்பும்போது ஈயக்கா கேட்டார்: "சார், போலீஸ் வந்தா கடையைப் பூட்டிட்டுத்தான் கூட்டிட்டுப் போவாங்களா? ஒரு பெரியவரோட காது மெஷின் ரிப்பேருக்கு வந்திருக்கு. ஆறு மணிக்கு வாங்க வருவாரு. அதைக் கொடுத்துட்டா பரவாயில்லை."

மைத்துனன் தரையில் மிச்சமிருந்த ஒரு ஸ்க்ரூவைப் பொறுக்கி டப்பாவில் போட்டான்.

மணி நான்கரை. தலைவர் ஐந்து மணிக்காகக் குளிக்கப் போயிருந்தார். மாடி அறையில் லென்ஸ் பிளேயரின் கையிலிருந்து ஊசித்தலையைக் கழற்றினார். தொட்டார் என்று எழுதினால் தலைவருக்கு இப்போதும் மயக்கம் வரும்.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் தங்க மூடிக்கும் கீழே இருந்த கறுப்புத் தலைக்கும் இடையே மெல்லிய வெள்ளைக் கோடு.

"ஒட்டியிருக்காங்க. ஆனா இது ஈயமும் இல்லை, கடைப் பசையும் இல்லை. சுண்ணாம்பு மாதிரி கெட்டியா இருக்கு." குண்டூசியால் சுரண்டினார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. "என்னமோ வாசனை வருது மாப்ளே. சமையல் ரூம் வாசனை."

மைத்துனன் குனிந்து முகர்ந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்து முகர்ந்தான். வாய்க்குள் நாக்கால் கடைவாய்ப் பல்லை ஒருமுறை தடவினான்.

"அத்தான்," என்றான். "இது என் பல்லு."

"என்னது?"

"கிராம்பு. நேத்து என் பல்லை அடைச்ச அதே சாமான். நேத்திலிருந்து காபி குடிச்சாலும் இதே வாசனைதான்."

இருவரும் தரையைப் பார்த்தார்கள். தரைக்குக் கீழே, பல் ஆஸ்பத்திரியில், துளை போடும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா ஒருவர் வாய்க்குள் கண்ணாடி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். லென்ஸ் நீட்டிய ஊசித்தலையைப் பார்த்ததும் கை நின்றது.

"மூணு வருஷம் தாங்கியிருக்கு," என்றார். "தற்காலிக அடைப்புதான் அது. என் கைராசி."

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணலாம்னு பார்த்தேன். ஊசியில தூசி அடைஞ்சிருந்தது. நான் தினம் செய்யற வேலைதானே, பல் விலக்கற மாதிரி கீழிருந்து மேல பிரஷ்ஷால ஒரு இழு இழுத்தேன். பல் விழலை, ஊசி விழுந்துடுச்சு." நாற்காலியில் இருந்தவர் திறந்த வாயோடு 'ஆ' என்றார். "நீங்க சும்மா இருங்க. கடையில இருந்த சாதா ஊசி ஒண்ணு வாங்கினேன். பழைய மூடியைக் கழற்றி அதுமேல ஒட்டினேன்."

"சுவிட்ச்?" என்றார் லென்ஸ். "அதை மாத்தணும்னு யார் சொல்லிக் கொடுத்தா?"

டாக்டரம்மா இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகம். "பன்னெண்டாம் பக்கத்துல தெளிவாப் போட்டிருக்கு. இந்த வீட்டுல அதைப் படிச்ச ஒரே ஆள் நான்தான்."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் இருந்தேன். அன்னைக்கு அஞ்சு மணிக்கு ரெக்கார்டு போட்டாரு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. 'இன்னைக்குத்தான் ஊசி பழகியிருக்கு, இப்பதான் அவள் பாடவே ஆரம்பிக்கிறாள்'னாரு. அதைப் பத்தி எட்டுப் பக்கம் எழுதினாரு. அப்புறம் எந்த வாயால சொல்றது? இப்ப என்ன, செட்டு கெட்டுப்போச்சுன்னு ரெண்டு நாளா உம்முனு இருக்காரு. பெல்ட் சரியில்லையோ?"

லென்ஸ் கடிதத்தின் நகலை நீட்டினார். டாக்டரம்மா படித்தார். 'காவல்துறை' என்ற சொல்லுக்கு வந்ததும் முகம் மாறியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, இந்த மனுஷன்." கையுறைகளை உருவிக் கூடையில் வீசினார். வெள்ளிநிறத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். "வாயை மூடிடாதீங்க, வந்துடறேன்," என்று நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.

மணி ஐந்து. பதினோரு ஸ்டூல்களிலும் பதினோரு நுண்செவியர்கள். வாசலருகே ஈயக்கா, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பைக்குள் ஒரு காது மெஷின் இருந்தது.

"நண்பர்களே," என்று தொடங்கினார் தலைவர். "கலையின்மேல் விழுந்த ஒரு களங்கத்தை..."

"ஒரு நிமிஷம்," என்று டாக்டரம்மா மேஜைக்குப் பின்னால் போய்க் குனிந்தார். சொடுக் என்று ஒரு சத்தம். "இப்ப போடுங்க."

ஊசியைப் பழையபடி மாட்டி வைத்திருந்த லென்ஸ் எதுவும் தெரியாதவர் போல் நின்றார். தலைவர் ஊசியை இறக்கினார்.

அலறல் இல்லை. வயலின் வயலினாக வந்தது. பாடகியின் தொண்டையிலிருந்து ஜல்லியை எடுத்துவிட்டார்கள். தலைவரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதைப் பார்த்து மற்ற பதினோரு பேருக்கும் வரிசையாக இறங்கியது.

"இவள்தான்!" என்று கூவினார் தலைவர். "இந்த மென்மை, இந்த ஆழம், இதை எந்த மலிவு ஊசியாலயும் தரமுடியாது! பயந்துபோய்த் திருப்பி வச்சுட்டா பாருங்க!"

லென்ஸ் ஒரு அடி முன்னால் வந்தார். கையைப் பின்னால் கட்டினார். இந்த இடத்துக்காகவே அவர் நான்கு அத்தியாயம் காத்திருந்தார். "இந்த வழக்கில் முதல் தடயம்..."

"நான்தாங்க உடைச்சேன்," என்றார் டாக்டரம்மா. "மூணு வருஷம் ஆச்சு. இதோ உங்க அவள்." கிண்ணத்தை நீட்டினார். பிடுங்கிய பல்லைக் கொடுத்தனுப்பும் கிண்ணம். உள்ளே பஞ்சின்மேல் மூடியில்லாத தலை ஒன்றும், தலையில்லாத ஊசி ஒன்றும். "இப்ப பாடறது சாதா ஊசி. செருப்பு வாங்கற காசுக்கு வாங்கினது. சுவிட்சை நாற்பதுக்குத் தள்ளினேன், அழுதுட்டீங்க. ஈயக்கா அந்த மூடியை நம்பி அறுபதுக்குத் தள்ளினாங்க, அலறிடுச்சு. இதுல திருட்டு எங்க இருக்கு?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் இப்போது அது பிடிக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்ததை மறைத்துக்கொண்டார்.

தலைவர் கிண்ணத்தைப் பார்த்தார். சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். பதினோரு முகங்களைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "மூணு வருஷமா உங்க காதுகளைத்தான் சோதிச்சுட்டிருந்தேன்."

பின்வரிசை ஸ்டூலிலிருந்து ஒருவர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். தட்டாமல் விட்டால் சோதனையில் தோற்றவர்களாகிவிடுவோமே.

"அப்ப போலீஸ் லெட்டர்?" என்று கேட்டான் மைத்துனன்.

"அதுவும் சோதனையின் ஒரு பகுதி."

ஈயக்கா வாசலிலிருந்து இரண்டடி உள்ளே வந்தார். "ஐயா, உங்க சோதனை உங்களோட இருக்கட்டும். நான் எடுக்கலைன்னு இவங்க முன்னாடி சொல்லுங்க."

"குறிப்பிட்ட பொருளின் இடமாற்றம் தொடர்பாகக் கழகத்தில் நிலவிய ஒரு கருத்து..."

"எடுக்கலைன்னு சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா. "இல்லைன்னா அந்த எட்டுப் பக்கத்தை நான் இப்பவே சத்தமா வாசிப்பேன்."

"ஈயக்கா எடுக்கலை," என்றார் தலைவர்.

பதினோரு பேர் கேட்டார்கள். மூன்று பேர் ஸ்டூலில் நெளிந்தார்கள்.

"உங்க மூணு பேர் பெட்டியும் திறந்தபடியே இருக்கு, உள்ள தூசி புகுந்துடும். கொண்டுவந்து வைங்க, இடம் காலியாத்தான் இருக்கு," என்றார் ஈயக்கா. "நான் பண்ணின தப்பையும் சொல்லிடறேன். கேட்காம சுவிட்சைத் தள்ளினேன். இனிமே தள்ள மாட்டேன். ஆமா, உங்க வீட்டுலல்லாம் அந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கு?"

நுண்செவியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க வீட்டுப் பெட்டியிலயும் சுவிட்ச் இருக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"எல்லாப் பெட்டியிலயும் இருக்குங்க. பின்பக்கம்."

"அது வெளிநாட்டு வோல்டேஜுக்குன்னு தலைவர்..."

"ஆறு மணிக்குப் பெரியவர் வந்துடுவாரு, நான் வரேன்," என்று ஈயக்கா காது மெஷினோடு படியிறங்கினார். கீழே ஒருவர் இன்னும் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார்.

லென்ஸ் தன் குறிப்பேட்டைப் புரட்டினார். 'மூடி' என்ற சொல்லைக் கண்டதும் தலை நிமிர்ந்தது. "பார்த்தியா மாப்ளே, நான் அப்பவே எழுதிட்டேன்."

"எழுதினீங்க அத்தான். அப்புறம் அவங்களையே கைது பண்ணப் பார்த்தீங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை, அழைத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஈயக்கா போனார். பதினோரு பேரும் அழைத்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் ரெக்கார்டைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொட்டார்.

பதினோரு வீட்டில் ஒன்பதில் அது தப்பான பக்கத்தில் இருந்தது.